மகள் வீட்டுக்கு நார்வேல பேரூம் போறீங்களா? அந்த 90 நாளை எப்படி நல்லபடியா கழிக்கறது

எங்க தெருவுலயே இப்போ மூணு வீட்டு பிள்ளைங்க நார்வேல இருக்காங்க. சத்துவாச்சாரி, காட்பாடி, குடியாத்தம்னு தெரிஞ்சவங்க யாருக்கு விசா வந்தாலும் எனக்குதான் முதல் போன், "டீச்சர், அங்க போய் நாங்க இன்னா பண்றது, அந்த குளிர்ல எப்படி இருக்கறது"ன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லும்போது எதாவது ஒண்ணு விட்டுப்போவுது, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். நான் ரெண்டு தடவை போயிருக்கேன், முதல் தடவை மே மாசம் போய் ஜூலை கடைசில வந்தேன், ரெண்டாவது தடவை நவம்பர் பாதில போய் பிப்ரவரி ஆரம்பத்துல வந்தேன், ரெண்டும் ஒரே ஊரான்னு கேட்டா நம்ப மாட்டீங்க.

ஊர் பேரு பேரூம். நார்வே தலைநகரம் ஆஸ்லோவுக்கு மேற்கு பக்கம் ஒட்டினாப்ல இருக்கற தனி நகராட்சி, அங்க கொம்யூனேன்னு சொல்றாங்க. 192 சதுர கிலோமீட்டர், சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் ஜனம், பாதிக்கு மேல காடு. தெற்கால ஆஸ்லோ ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள்ள நீளமா புகுந்து வர்ற கடல், அலையே இருக்காது, பார்த்தா பெரிய ஏரி மாதிரிதான் இருக்கும். நார்வேலயே வருமானத்துலயும் படிப்புலயும் முன்வரிசைல இருக்கற ஊர் இது. சென்னைக்கு ஈ.சி.ஆர். எப்படியோ ஆஸ்லோவுக்கு இது அப்படின்னு வெச்சுக்கலாம், ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அதை சொல்லத்தான் இவ்ளோ எழுதறேன்.

முதல் தடவை போனப்போ நான் ரெண்டு வாரம் வீட்டை விட்டு வெளிய வரல. பணக்காரங்க ஊரு, நமக்கு பாஷை தெரியாது, எதை தொட்டாலும் காசு, ஒரு குரோனர் நம்ம காசுக்கு 8, 9 ரூபா வருது, ஒரு டீ குடிக்கறதுக்கு கணக்கு போட்டா நெஞ்சு அடைக்குதுன்னு உள்ளயே இருந்து போன்ல சீரியல் பார்த்துகினு இருந்தேன். அப்பறம் மக ஒரு ஞாயித்துக்கிழமை கையைப் பிடிச்சு இழுத்துகினு போய் காட்டினதுக்கு அப்பறம்தான் தெரிஞ்சது, அந்த ஊர்ல இருக்கறதுலயே நல்லது எதுவோ அது எல்லாம் காசில்லாம கிடைக்குது. கடற்கரை, காடு, தீவு, லைப்ரரி, பாதை, பெஞ்சு. அதுனால முதல் நாளே வெளிய கிளம்பறதுக்கு தயாரா போங்க.

சரி, கிளம்பறதுக்கு முன்னாடி. விசா ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பால பல நாட்டுக்கும் சேர்த்து குடுக்கற ஒரே விசா, சென்னைல விண்ணப்ப மையம் இருக்கு, கைரேகை போட்டோ எல்லாம் நேர்ல போய் குடுக்கணும். 180 நாள்ல 90 நாள்தான் இருக்கலாம், இறங்கின நாளும் கிளம்பற நாளும் கணக்குல சேரும், மூணு மாசம்னு நினைச்சு டிக்கெட் போடாதீங்க, மே 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும் எண்ணிப்பாருங்க 92 நாள் வரும். விரல்விட்டு எண்ணி போடுங்க. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு எடுத்தாதான் விசாவே தருவாங்க, ஆனா மலிவா கிடைக்குதுன்னு எடுக்காம, ஏற்கெனவே இருக்கற சுகர், பிரஷருக்கு கவர் ஆவுதான்னு வாய்விட்டு கேட்டு எடுங்க.

மாத்திரை மூணு மாசத்துக்கு மேல கொண்டுபோகக்கூடாது, டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல கையோட இருக்கணும், மாத்திரையை பிரிச்சு டப்பால போடாதீங்க, அட்டையோட கொண்டுபோங்க. நெய், பால்கோவா, உப்புக்கண்டம், கறி ஊறுகாய் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர தடை இருக்கு, மக ஆசைப்பட்டாளேன்னு எடுத்துகினு போய் ஏர்போர்ட்ல குப்பைல போட்டா மனசு தாங்காது. மிளகாத்தூள், சாம்பார்பொடி, புளி, கேழ்வரகு மாவு, வத்தல் வடகம் எடுத்துக்கங்க.

இப்போ செருப்பு விஷயம். இதை கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா குளிர்காலத்துல போறவங்களுக்கு இதுதான் உசிரு.

என் பெரியப்பா பையன் ஆம்பூர்ல ஷூ கம்பெனில சோல் பிரிவுல முப்பது வருஷம் இருந்தவரு. நான் ரெண்டாவது தடவை கிளம்பும்போது வேலூர்லயே ஒரு பூட்ஸ் வாங்கி அவர்கிட்ட காட்டினேன். கையில வாங்கி சோலை கட்டைவிரலால அழுத்திப் பார்த்துட்டு, "இது இங்க மழைக்கு சரிம்மா, குளிர்ல கல்லா இறுகிடும், ஐஸ்ல பிடிக்காது, போன இடத்துல மெத்துனு இருக்கற ரப்பர் சோலா பார்த்து வாங்கு"ன்னு சொன்னாரு. வாங்கிட்டோமே வீணாவுதேன்னு நான் கேக்கல. ஜனவரில ஒரு நாள் காலைல பேத்தியை பார்னஹாகேல, அதான் அங்க பால்வாடி, விட்டுட்டு திரும்பும்போது, மேலாக்க புது பனி பூ மாதிரி கிடக்குது, அடில கண்ணாடி மாதிரி ஐஸ், கால் வெச்சது ஒண்ணுதான் தெரியும், மல்லாக்க விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு. நல்லவேளை எலும்பு முறியல. அந்த வழியா நாயோட போன ஒரு அம்மா தூக்கி விட்டு வீடு வரைக்கும் கூட வந்தாங்க.

அப்பறம் வாங்கினதுதான் பிராடர். பூட்ஸ் மேல ரப்பர் வளையம் மாதிரி மாட்டிக்கறது, அடில சின்ன சின்ன இரும்பு முள்ளு இருக்கும். அங்க பொறந்து வளர்ந்த கிழவங்களே அதை மாட்டிகினுதான் நடக்கறாங்க, நமக்கு என்ன வெக்கம். ஆனா கடைக்குள்ள, ரயில்வே ஸ்டேஷன் டைல்ஸ் தரைல அதோட நடந்தா இன்னும் வழுக்கும், வாசல்லயே உக்காந்து கழட்டிடணும், அதுக்கு ஒரு சின்ன துணிப்பை வெச்சுக்கங்க. நடக்கும்போது ஈர வரப்புல நடக்கற மாதிரி, பாதத்தை தட்டையா வெச்சு, சின்ன அடியா, கையை பாக்கெட்டுக்குள்ள விடாம நடங்க. இன்னொண்ணு, மைனஸ் 10-ல கூட அவ்ளோ பயம் இல்ல, பனி காஞ்சு மொறமொறன்னு இருக்கும். பூஜ்யத்துக்கு ஒண்ணு ரெண்டு மேல போய் பனி கரைஞ்சு, ராத்திரி திரும்ப உறையுது பாருங்க, அதுக்கு மறுநாள் காலைலதான் ஆளைத் தள்ளும். அன்னைக்கு பத்து மணிக்கு மேல, ரோட்டுல பொடிக்கல் தூவினதுக்கு அப்பறம் கிளம்புங்க.

துணிக்கு பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, உடம்பை ஒட்டி கம்பளி உள்ளாடை, நடுவுல ஒரு ஸ்வெட்டர், மேல காத்து தண்ணி புகாத கோட்டு. காட்டன் பனியனை உள்ள போடாதீங்க, வேர்த்தா ஈரம் நின்னு குளிரும். புடவை கட்டிகினுதான் போவேன்னா கட்டுங்க, உள்ள கம்பளி பேண்ட் போட்டு கணுக்கால் தெரியற மாதிரி கொசுவத்தை தூக்கி கட்டுங்க, நான் அப்படித்தான் போனேன். ரிஃப்ளெக்ஸ்னு ஒரு மின்னற பட்டை, இருட்டுல கார் வெளிச்சம் பட்டா பளிச்சுன்னு தெரியும், அதை கோட்டுல மாட்டாம சாயங்காலம் வெளிய போகாதீங்க. டிசம்பர்ல சாயங்காலம்னா மூணேகால் மணி, அதுக்குள்ள இருட்டிடும், விடியறதே ஒன்பதேகாலுக்கு. பகல் பொழுது 6 மணி நேரம்தான். பன்னெண்டு மணிக்கு சூரியன் தென்படறப்போ சமையலை அப்படியே போட்டுட்டு வெளிய போய் மூஞ்சில வாங்கிக்கங்க. கத்திரி வெயில்ல வெந்தவங்க நாம, வெயிலுக்கு ஏங்குவோம்னு நினைச்சிருப்போமா.

ஏர்போர்ட் கார்டர்மோன்ல இருக்கு. அங்கிருந்து பேரூமோட தலைமை இடம் சான்ட்விகாவுக்கு நேர் ரயில் இருக்கு, ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்சை விட சாதா ரயில் மலிவு. ஸ்டேஷன்ல டிக்கெட் பார்க்கற தடுப்பு கேட்டு ஒண்ணும் கிடையாது, யார் வேணா ஏறலாம், அதுக்காக டிக்கெட் எடுக்காம ஏறிடாதீங்க, நடுவுல செக்கிங் வந்தா அபராதம் தாளாது. ரூட்டர்னு ஒரு ஆப், அதுல ஒரு டிக்கெட் எடுத்தா பஸ், டி-பானேன்னு சொல்ற மெட்ரோ ரயில், டிராம், படகு எல்லாத்துக்கும் டிக்கெட்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் செல்லும். 67 வயசு ஆனவங்களுக்கு சலுகை கட்டணம் இருக்கு, பாஸ்போர்ட்டை கையில வெச்சுக்கங்க. காசு நோட்டு கையில இல்லாமலே மூணு மாசம் ஓடிடும், எல்லாம் கார்டுதான்.

இப்போ நான் சொன்ன அந்த வித்தியாசம். ஈ.சி.ஆர்.ல கடல் பக்கம் காம்பவுண்டு சுவரும் வாட்ச்மேனும்தான் நமக்கு தெரியும். அங்க 1957-ல ஒரு சட்டம் போட்டிருக்காங்க, ஃப்ரிலுஃப்ட்ஸ்லோவ்னு பேரு, அதன்படி உழவு இல்லாத திறந்த நிலம், காடு, கரை இதுல யார் வேணா நடக்கலாம், உக்காரலாம், காட்டுப்பழம், காளான் பறிக்கலாம், நிலம் யாருதா இருந்தாலும் சரி. அந்த ஊர்க்காரரா இருக்கணும்னு கூட இல்ல, 90 நாள் விசால வந்த நமக்கும் அதே உரிமை. கடல்லேர்ந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டடம் கட்டக்கூடாதுன்னும் பொதுவா தடை இருக்கு. பழைய காலத்து பங்களாக்கள் கரையை ஒட்டி இருக்கு, அங்க பாதை சுத்திகினு போகும், அவங்க தோட்டத்துக்குள்ள மட்டும் நாம நுழையக்கூடாது, பயிர் வெச்ச வயல்லயும் கால் வைக்கக்கூடாது. ஏப்ரல் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுல நெருப்பு மூட்டக்கூடாது. அவ்ளோதான் விதி.

முதல் நடைக்கு நான் சொல்ற வழி இது. சான்ட்விகா ஸ்டேஷன்ல இறங்கி ஆத்தங்கரைக்கு வாங்க. ஊருக்கு நடுவுல சான்ட்விக்செல்வான்னு ஒரு ஆறு ஓடுது, அகலம் ஒண்ணும் பிரமாதமா இல்ல, நம்ம பாலாத்துல ஒரு ஓரத்துக்கு வராது. ஆனா தண்ணி ஓடுது. அதுல கடல்ல இருந்து சால்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறி வந்து முட்டை வைக்குது. பாலாத்து மணல்ல விளையாடி, அப்பறம் மணலும் போய், தோல் ஷாப்பு தண்ணி நாத்தமும் பார்த்து வளர்ந்தவ நான். அந்த பாலத்து கம்பியை பிடிச்சுகினு கீழ குனிஞ்சு கூழாங்கல் தெரியறதை பார்த்துகினே நின்னேன், ரொம்ப நேரம் நகர முடியல. ஒரு நகரத்துக்கு நடுவுல ஓடற ஆத்துல கல் தெரியுது. அந்த ஊர்லயும் இரும்பாலை இருந்திருக்கு, மர அறுவை மில்லு இருந்திருக்கு, சுண்ணாம்பு காளவாய் இருந்திருக்கு, அந்த நகராட்சியோட சின்னத்துலயே சுண்ணாம்பு காளவாய்தான் இருக்கு. தொழில் நடந்த ஊருக்கு ஆறு செத்துதான் போகணும்னு விதி இல்லைங்க.

நான் நின்ன பாலம் லோக்கே பாலம், 1829-ல வார்ப்பிரும்புல பண்ணினது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1895-ல குளிர்காலத்துல ரெண்டு மாசம் இந்த ஊர்ப்பக்கம் வந்து தங்கி, இந்த பாலத்தையும் பனி மூடின வீடுகளையும் வரைஞ்சிருக்காரு, அந்த படம் இப்போ சிகாகோ மியூசியத்துல இருக்கு. பின்னால தெரியற கோல்சோஸ் மலையை மட்டும் பத்து தடவைக்கு மேல வரைஞ்சிருக்காரு. ஒரே மலையை எதுக்கு அத்தனை தடவைன்னு கேட்டேன், அப்பறம் குளிர்காலத்துல மக வீட்டு ஜன்னல்ல இருந்து தினம் அதே மலையை பார்த்தப்போ புரிஞ்சது, காலைல நீலம், மத்தியானம் ரோஜா கலர், சாயங்காலம் சாம்பல். 379 மீட்டர்தான் உயரம், டி-பானே 3-ம் நம்பர் கோல்சோஸ்னு அதே பேருல இருக்கற கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போகும், அங்கிருந்து ஏறலாம். முட்டி வலி இல்லாதவங்க கோடைல ஏறுங்க, வள்ளிமலை படி ஏறின கால் தாராளமா ஏறும், மேல போனா ஃபியோர்டு முழுசும் தெரியும்.

பாலத்துல இருந்து தண்ணி பக்கமா நடந்தா ஒரு நடைபாலம் தாண்டி கால்வோயான்னு ஒரு தீவு. கட்டணம் கிடையாது, புல்வெளி, மரம், சின்ன சின்ன மணல் கரை. ஜூன் மாசம் ராத்திரி பத்து மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், புளிசாதம் கட்டிகினு போய் சாப்பிட்டுட்டு வரலாம். அங்க யார் கோடீஸ்வரர் யார் கூலிக்காரர்னு பார்த்தா கண்டுபிடிக்கவே முடியாது, எல்லாரும் ஒரே மாதிரி பழைய டீஷர்ட்டு, ரொட்டி பொட்டலம், ஃபிளாஸ்க்கு. ஒவ்வொருத்தர் வருமானமும் வரிக்கணக்குல வெளியிடறாங்க, யார் வேணா தேடிப்பார்க்கலாம், யார் தேடினாங்கன்னு அந்த ஆளுக்கும் தெரிஞ்சுடும். ஆனா பேச்சுல "சம்பளம் எவ்ளோ, வீடு எவ்ளோக்கு வாங்கினீங்க"ன்னு கேக்கவே கூடாது, நம்ம ஊர் பழக்கத்துல வாயில வந்துடும், பார்த்துக்கங்க.

ஃபோர்னேபுவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்க. உங்க பிள்ளை ஐ.டி.ல இருந்தா அனேகமா ஆபீசே அங்கதான் இருக்கும். 1939-ல இருந்து 1998 வரைக்கும் ஆஸ்லோவோட ஏர்போர்ட் அதுதான், கார்டர்மோன் வந்ததும் மூடிட்டாங்க. அந்த ரன்வே இடத்துல இப்போ ஆபீசு, வீடு, நடுவுல நான்சன் பேருல பெரிய பூங்கா. நான்சன் வடதுருவப் பயணம் போனவரு, அகதிகளுக்காக வேலை செஞ்சு 1922-ல அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினவரு, அவரு வீடு போல்ஹோக்டா பக்கத்துலயே இருக்கு, அந்த வீட்டுத் தோட்டத்துலயேதான் அவரை புதைச்சிருக்காங்க. ஹோவிக்கோடன்ல ஹெனி ஆன்ஸ்டாட் கலை மையம், 1968-ல திறந்தது, ஐஸ் சறுக்கல்ல மூணு ஒலிம்பிக் தங்கம் வாங்கின சோன்யா ஹெனியும் அவங்க வீட்டுக்காரரும் குடுத்தது. உள்ள போக டிக்கெட்டு, வெளிய கடலோரம் இருக்கற சிற்பத் தோட்டத்துக்கு டிக்கெட்டு கிடையாது.

பேரூம்ஸ் வெர்க்கும் பார்க்கணும், 1610-வாக்குல ஆரம்பிச்ச இரும்பாலை, லோக்கே பாலத்து இரும்பும் அங்க வார்த்ததுதான். அதை அன்னா கிரெஃப்டிங்னு ஒரு பொம்பளை, வீட்டுக்காரரு 1712-ல போனதுக்கு அப்பறம் கையில எடுத்து, 1766-ல தான் சாகற வரைக்கும் நடத்தியிருக்காங்க. அம்பத்துநாலு வருஷம்! புருஷன் போயிட்டா மூலைல உக்காரவெச்ச காலம் அது, எங்க ஆயா கதையெல்லாம் நினைச்சுகினு அந்த பழைய மரவீட்டு வரிசைல நடந்தேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். குழாய் தண்ணியை அப்படியே குடிக்கலாம், ஹோல்ஸ்ஃபியோர்டன் ஏரில இருந்து வருது, அந்த ருசிக்கு கேனை மறந்துடுவீங்க. காய்கறிக்கு ஆஸ்லோல கிரோன்லாண்ட் போங்க, பாகிஸ்தான்காரங்க கடை, ஈழத்தமிழர் கடை எல்லாம் இருக்கு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் கிடைக்கும். நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் ருசி மட்டும் எங்க தேடியும் வராது. ஆஸ்லோலயே அம்முரூட்ங்கற இடத்துல சிவசுப்பிரமணியர் கோயில் இருக்கு, டி-பானேல போகலாம். அங்க ஒரு யாழ்ப்பாணத்து அக்கா என் கையைப் பிடிச்சுகினு "இருங்கோ, கொஞ்சம் கதைச்சிட்டுப் போகலாம்"னாங்க, ரெண்டு மாசம் கழிச்சு வெளியாள் வாயில தமிழ் கேட்டதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

ஞாயித்துக்கிழமை பெரிய கடை எல்லாம் மூடிடுவாங்க, சனிக்கிழமையே வாங்கிடணும். காலி பாட்டில், கேன் தூக்கி போடாதீங்க, சின்னதுக்கு 2 குரோனர், பெருசுக்கு 3 குரோனர், கடைல இருக்கற மெஷின்ல போட்டா சீட்டு வரும், பேத்திக்கு அது ஒரு விளையாட்டு. வீட்டுக்குள்ள செருப்பு போடமாட்டாங்க, அது நம்ம பழக்கம்தான். பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்காம போனா தப்பா எடுத்துக்காதீங்க, கூச்சம்தான், நாமளா "ஹை"னு சொன்னா நின்னு பேசுவாங்க. வசந்தத்துல ஒரு நாள் டுக்னாட்னு வரும், குடியிருப்புல இருக்கற எல்லாரும் சேர்ந்து வாசல், தோட்டம் கூட்டி சுத்தம் பண்றது, டைரக்டரா இருந்தாலும் கையில துடைப்பம்தான். நீங்களும் இறங்குங்க. நான் வாசல் கூட்டினதை பார்த்து மேல் வீட்டு அம்மா வேகமா கூட்டறது எப்படின்னு கத்துக்கிட்டாங்க, அன்னைல இருந்து சினேகிதம். மே 17 தேசிய நாள், அன்னைக்கு ஊர் பூரா பிள்ளைங்க ஊர்வலம், பட்டுப்புடவை எடுத்துகினு போங்க, அவங்களும் அவங்க பாரம்பரிய உடுப்புலதான் வருவாங்க.

குழந்தையை மைனஸ் 5-ல தள்ளுவண்டில வெளிய தூங்க வைப்பாங்க. பார்த்ததும் எனக்கு பதறிச்சு, மகளோட சண்டையே போட்டேன். கம்பளிக்குள்ள கை விட்டு கழுத்தை தொட்டுப் பாருன்னு சொன்னா, தொட்டேன், கதகதன்னு இருந்தது. அதுக்கப்பறம் அந்த விஷயத்துல நான் வாய் திறக்கல, நீங்களும் திறக்காதீங்க.

மழை, குளிர்னு வெளிய போக முடியாத நாளைக்கு லைப்ரரி இருக்கு, பெக்கெஸ்தூவால நல்லா பெருசா இருக்கு, உக்காந்து படிக்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உடம்புக்கு முடியலைன்னா 116117, இது லேகேவாக்ட், அவசர டாக்டரு. உசிருக்கு ஆபத்துன்னா 113. ரெண்டையும் பேப்பர்ல பெருசா எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டுங்க, கீழயே வீட்டு அட்ரஸை தமிழ் எழுத்துல உச்சரிப்போட எழுதுங்க, பிள்ளைங்க ஆபீஸ்ல இருக்கும்போது நாமதான் சொல்லணும். நமக்கு அங்க இலவசம் கிடையாது, பில்லு, டாக்டர் சீட்டு ஒண்ணு விடாம வாங்கி வெச்சா இங்க வந்து இன்சூரன்ஸ்ல கேக்கலாம், என் மணிக்கட்டுக்கு அப்படித்தான் பணம் வந்தது.

என் பிராடர் ஒரு ஜோடி மக வீட்டு ஷூ ஸ்டாண்டுல கீழ்த்தட்டுல இருக்கு, 37-ல இருந்து 40 சைஸ் வரைக்கும் மாட்டலாம், ஒரு முள்ளு கூட கழண்டுபோகல. இந்த நவம்பர்ல வேலூர்ல இருந்து யார் கிளம்பினாலும் சொல்லுங்க, மககிட்ட சொல்லி எடுத்து வெக்கச் சொல்றேன், திரும்பி வரும்போது அடுத்து போறவங்களுக்கு அங்கயே வெச்சுட்டு வாங்க.